மூன்று பேர் நிரப்பிய கேன்

ஜீனத்தைக் கொண்டுபோனது காற்று என்றுதான் அந்தக் குடும்பம் அப்போது நம்பியிருந்தது. தாராவியில் தோல் பை தைக்கும் தங்கள் பட்டறையின் மேல்மாடியில் ஒற்றை அறையில் வாழ்ந்த குடும்பம் அது. பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். வீட்டின் மூத்த மகள் ஜீனத், எட்டு மாதக் கர்ப்பிணியாக இருந்தபோது, ஒரு நாள் அந்தி மயங்கும் வேளையில் சந்துக் கோடியில் இருந்த பொதுக் கழிப்பறைக்குப் போனாள். திரும்பி வந்தவள் படிக்கட்டின் அடியில் விழுந்தாள். கையும் காலும் வெட்டி இழுத்தன. டாக்சி வருவதற்குள் நினைவு தப்பிவிட்டது. அவளும் பிழைக்கவில்லை, வயிற்றில் இருந்த சிசுவும் பிழைக்கவில்லை. கழிப்பறைச் சுவரோரம் ஏதோ ஒன்று அவள்மீது பட்டுவிட்டது என்று சந்தே பேசியது. அவளைப் பெற்ற மைமூன் பீவியும் அப்படியே நம்பினார்.

அந்த நம்பிக்கையை நான் எந்நாளும் ஏளனம் செய்ததில்லை. மகளை இழந்தவளுக்கு ஒரு காரணம் வேண்டியிருக்கிறது. வெள்ளைக் கோட்டுப் போட்ட எவரும் அருகில் அமர்ந்து வேறு காரணம் சொல்லாத நிலையில், கைக்கு எட்டியதை அவள் பற்றிக்கொள்கிறாள். சில ஆண்டுகள் கழித்து, அவர் மகன் மீரானின் மனைவி சபூரா கருவுற்றபோது, அந்த நம்பிக்கை ஒரு முழுப் பாதுகாப்பு ஏற்பாடாக வடிவெடுத்தது. அந்திக்குப் பின் சபூரா கீழே இறங்கக் கூடாது. பகலிலும் துணையில்லாமல் கழிப்பறை வரிசையில் நிற்கக் கூடாது. மணிக்கட்டில் மந்திரித்த கறுப்புக் கயிறு. தண்ணீரைக்கூட அளந்துதான் குடித்தாள். குடித்தால் போக வேண்டி வருமே. இத்தனையும் அன்பினால் செய்யப்பட்டவை. அந்த அன்புதான் ஏறக்குறைய அவளை எங்களிடமிருந்து மறைத்துவிட இருந்தது.

இதை இப்போது எழுதக் காரணம் ஒரு பிளாஸ்டிக் கேன். மாட்டுங்காவில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியின் கர்ப்பகாலப் பரிசோதனைப் பிரிவில் பல்லாண்டு நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அண்மையில் அங்கே போயிருந்தபோது, சாமான் அறையை ஒழித்துக்கொண்டிருந்த இளம் நர்ஸ்கள், மூடியில் கயிறு கட்டிய ஒரு பெரிய கேனைத் தூக்கிக் காட்டி, "மேடம், இது எண்ணெய் கேனா, ஃபினாயில் கேனா?" என்று கேட்டார்கள். ஒரு நாள் முழுவதும் கழியும் சிறுநீரைச் சேமிக்கும் கேன் என்றதும் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவர்களுக்கு அந்தச் சங்கடம் இல்லை. இன்று ஒரு சிறு குப்பியே போதும். அதில் புரதத்துக்கும் கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்து அன்றே சொல்லிவிடுகிறார்கள். "நீங்க அந்தக் காலத்துல இதை வச்சு எப்படி மேடம் சமாளிச்சீங்க?" என்றாள் ஒருத்தி. அவளுக்கான பதில்தான் இது.

என் பயிற்சிக் காலத்தை நான் விரிக்கப்போவதில்லை. மாட்டுங்காவில் பிறந்தேன், தமிழ்ப் பள்ளியில் படித்தேன், ஆபீஸ் உத்தியோகம் தவிர வேறெதையும் வேலையாகக் கருதாத வீட்டில் அடம்பிடித்து நர்ஸிங் சேர்ந்தேன். பிறகு பிரசவ வார்டு. அங்கே கற்றதையெல்லாம் டாக்டர் சாவந்த்திடம் வந்து சேர்ந்தபின் மறுபடி முதலிலிருந்து கற்றேன்.

டாக்டர் சாவந்த் எங்கள் பிரிவின் தலைவர். குட்டை உருவம்; கஞ்சி போட்ட பருத்திப் புடவை; உயராத குரல். ரத்த அழுத்தம் பார்ப்பதை ஒரு வழிபாட்டுக்குரிய ஒழுங்கோடு செய்விக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். படியேறி வந்தவளை முதலில் சாய்ந்து உட்கார வைக்க வேண்டும். பாதங்கள் தரையில் படிய வேண்டும். கால்மேல் கால் கூடாது. புர்காவின் கையை மேலே சுருட்டினால் அது கட்டுப் போட்டதுபோல் இறுக்கும். ஆகவே கையை முழுவதும் வெளியே எடுக்க வேண்டும். மெலிந்த கைக்குச் சிறிய பட்டை, பருத்த கைக்குப் பெரியது. கை மார்பு மட்டத்தில் தலையணைமேல் இருக்க வேண்டும். முக்கியமாக, யாரும் பேசக் கூடாது. நோயாளியும் பேசக் கூடாது, கூட வந்த மாமியாரும் பேசக் கூடாது, நானும் பேசக் கூடாது. எங்கள் பிரிவில் மிகக் கடினமான சிகிச்சை இதுதான் என்று நாங்கள் வேடிக்கையாகச் சொல்வோம்.

அவருடைய இன்னொரு வழக்கம் அதைவிட விசித்திரமானது. கெட்ட ரிப்போர்ட்டை ஒருமுறை பார்ப்பார். நல்ல ரிப்போர்ட்டை இருமுறை பார்ப்பார். "கெட்டது தானாகவே கத்தும், நல்லதுதான் நம்மைத் தூங்க வைக்கும்" என்பார் தம் பம்பாய் இந்தியில். 

சபூரா முதன்முதலில் எங்களிடம் வந்தது மூன்றாம் மாதம் முடியும் தறுவாயில். அந்தக் கட்டத்தில் ஒரு ஸ்கேனும் ஒரு ரத்தப் பரிசோதனையும் செய்வோம். அது 'ஊனம் பாக்குற டெஸ்ட்' என்றே தாராவியில் பெயர் பெற்றிருந்தது. மைமூன் பீவி தஸ்பீஹ் எனும் ஜெபமணியை உருட்டிக்கொண்டே வந்தார். கூடவே அவருடைய இளைய மகள் பல்கீஸ்: கல்லூரி மாணவி, பாதி இந்தியும் பாதித் தமிழுமாகப் பொரிந்து தள்ளுபவள். சபூரா மைமூன் பீவியின் உடன்பிறந்த அண்ணன் மகள். ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த மருமகள். ஜீனத்துக்கும் அவளுக்கும் முகச் சாயல்கூட ஒன்று என்று பல்கீஸ் சொன்னாள்.

குழந்தைக்குக் குறை இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு என்று முடிவு வந்தது. மைமூன் பீவி எழுந்தே விட்டார். ஆனால் டாக்டர் சாவந்த்தின் விரல் அதே தாளில் வேறோர் இடத்தில் நின்றிருந்தது. நஞ்சுக்கொடி சுரக்கும் ஒரு புரதம் சபூராவின் ரத்தத்தில் மிகத் தாழ்வாக இருந்தது. கருப்பைக்குப் போகும் ரத்தக் குழாய்களில் ஓட்டம் தடைப்பட்டிருப்பதை ஸ்கேனும் காட்டியது. பின் மாதங்களில் ரத்த அழுத்தம் ஏறக்கூடும் என்பதற்கான அடையாளங்கள் அவை. 

நான் அதை மைமூன் பீவிக்கு எடுத்துச் சொன்னேன். "மாடிக்குத் தண்ணி ஏறக் குழாய் அகலமா இருக்கணும் இல்லையா? இவளுக்குக் குழாய் இன்னும் அகலமாகலை."

"அப்போ மோட்டாரு தெணறும்."

"அதேதான். அதுக்குத்தான் பிரஷர்னு பேரு."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சுவரில் மூன்று மொழிகளில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் பார்த்தார். சிசு ஆணா பெண்ணா என்று சொல்வது குற்றம் என்னும் அறிவிப்பு அது. "ஆம்பளப் பிள்ளையா பொம்பளப் பிள்ளையான்னு சொல்ல மாட்டிய. நாலு மாசம் களிச்சு பிரஷர் வரும்னு மட்டும் இப்பமே சொல்லிருவிய. நல்ல ஜோசியந்தான் சிஸ்டரம்மா!"

"பரிகாரமும் சொல்றோம், உட்காருங்கோ" என்றேன்.

பரிகாரம் ஒரு சிறிய ஆஸ்பிரின் மாத்திரை. ஒவ்வோர் இரவும் படுக்குமுன். மாத்திரை அட்டையைக் கண்டதும் மைமூன் பீவி திடுக்கிட்டார். "இது நெஞ்சு வலிக்காரவ திங்குறதுல்லா? எங்க வீட்டுக்காரவ மவுத்தாகுற வரைக்கும் தின்னாவ. புள்ளத்தாச்சிக்கா குடுக்கச் சொல்லுதிய?"

"வாப்பாவுக்குக் கொடுத்தது மோட்டாருக்கு. மைனிக்குக் குடுக்குறது குழாய்க்கு. சரிதானே சிஸ்டர்?" என்றாள் பல்கீஸ், அண்ணியைக் காட்டி.

அதைவிடச் சிறப்பாக நானும் சொல்லியிருக்க முடியாது. சபூரா ஒரு நாளும் தவறாமல் அந்த மாத்திரையைச் சாப்பிட்டாள். அது வரவிருப்பதை முழுதும் தடுக்கும் என்ற உறுதி இல்லை, தள்ளிப்போடவேனும் செய்யும். அது தள்ளிப்போட்ட வாரங்களின் அருமை பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

மாதங்கள் அமைதியாகச் சென்றன. எங்கள் கட்டடத்தில் பெண்களுக்கான கழிப்பறை தாழ்வாரத்தின் கடைசியில், தாழ்ப்பாள் சரியில்லாமல் இருந்தது. அதனால் காலைச் சிறுநீரை வீட்டிலிருந்தே சிறு பாட்டிலில் கொண்டுவரச் சொல்வது வழக்கம். அழுத்தம் கெடுதல் செய்யத் தொடங்கினால் அதில் புரதம் தெரியும். சபூராவின் பாட்டிலில் எப்போதும் புரதம் இல்லை. தெளிந்த நீர். ஏழாம் மாதம் தாண்டியபோது அவளுடைய ரத்த அழுத்தம் மெல்ல ஏறத் தொடங்கியது. ஆபத்து என்று சொல்ல முடியாது; நலம் என்றும் சொல்ல முடியாது. மோதிரம் விரலில் இறுகியிருந்தது. பாட்டிலோ அப்போதும் தெளிவாகவே இருந்தது.

டாக்டர் சாவந்த் அந்த முடிவை இரண்டாம் முறை பார்த்தார். "இது ரொம்ப நன்றாக இருக்கிறது" என்றார், குறை சொல்லும் தொனியில்.

அப்போதுதான் பல்கீஸ் சொன்னாள்: "டாக்டர், மைனிக்கு ஊருக்கு டிக்கெட் போட்டாச்சு. மொதப் பிரசவம் உம்மா வீட்லதான பாக்கணும்?"

மும்பையிலிருந்து திருநெல்வேலி வரை நீளும் ரயில் பயணம் அது. சபூராவின் முகம் அந்தச் சொல்லைக் கேட்டதும் மலர்ந்ததை நான் கவனித்தேன். தாயைப் பார்த்து அவளுக்கு வெகுநாளாகியிருந்தது. டாக்டர் கேனைக் கொண்டுவரச் சொன்னார். ஒரு முழு நாளின் சிறுநீரைச் சேர்த்துத் தர வேண்டும். மொத்தப் புரதம் எவ்வளவு என்று பார்த்துவிட்டு, நன்றாக இருந்தால் போகலாம், இல்லையென்றால் இங்கேயே இருக்க வேண்டும். இதை நான் அவர்களிடம் அப்படியே சொன்னேன். அவர்கள் காதில் அது தேர்வு ஒன்றின் விதியாக விழுந்தது.

"நாளைக் காத்தால முதல் தடவை போறதை விட்டுடணும். அதுக்கப்புறம் போறது ஒரு சொட்டு விடாம இதுல. மறுநாள் காத்தால முதல் தடவையோட முடிஞ்சுது. அதுவரை குளிர்ச்சியா வைக்கணும்."

மைமூன் பீவி கேனை இரு கைகளாலும் வாங்கினார். "குளிர்ச்சியான்னா... பிரிஜ்ஜிலயா? அதுல கறி ஊற வச்சிருக்கேன் சிஸ்டரம்மா!"

"ஐஸ் பெட்டி வாங்கிக்கிடலாம் உம்மா. மீன்காரன்கிட்ட கேட்டா குடுப்பான்."

"மீன்காரன் பெட்டில மூத்திரத்தையா வைக்கப் போற? சந்துல நம்மள குடியிருக்க விடுவானுவளாட்டி?"

பரிசோதனைக்கு உரிய நாளில் மீரான் அந்தக் கேனைத் தன் பட்டறையில் தைத்த ஒரு நேர்த்தியான தோல் பையில் வைத்து, பல்கீஸுடன் டாக்சியில் கொண்டுவந்து ஒப்படைத்தார். கழுத்துவரை நிறைந்திருந்தது. அந்த நேர்த்தியைக் கண்டு எங்கள் ஆயா, "கல்யாண சீர் மாதிரி இருக்கு" என்று சொல்லிச் சிரித்தாள்.

முடிவு வந்த நாளன்றுதான் பயணம். அவர்கள் ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் பெட்டி படுக்கையோடு டாக்சியில் வந்து எங்கள் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். மீரான் டாக்சியிலேயே சாமான்களுக்குக் காவல். சபூரா புதுச் சேலை உடுத்தியிருந்தாள். அறிக்கையில் புரதத்தின் மொத்த அளவு எச்சரிக்கைக் கோட்டுக்குச் சற்றுக் கீழே இருந்தது. அந்த எண்ணை மட்டும் பார்த்திருந்தால் அவள் அன்று ரயிலேறியிருப்பாள்.

அந்த நேரத்தில் பரிசோதனைக் கூடத்திலிருந்து தொலைபேசி வந்தது. அங்கிருந்த டெக்னீஷியன் ஒரு குறும்புக்காரர். "சிஸ்டர், ஏ பேஷண்ட் பயில்வான் ஹை க்யா?" என்றார். சபூரா பயில்வானா என்று கேட்கிறார்! காற்றடித்தால் சாயும் உடல்வாகு அவளுக்கு. ஆனால் அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. கிரியேட்டினின் என்பது தசையிலிருந்து கழியும் பொருள். ஒருவருக்கு ஒரு நாளில் அது ஏறக்குறைய அவரவர் உடலுக்குத் தக்க அளவில்தான் வெளியேறும். அந்தக் கேனில் இருந்ததோ அவளைப் போல் இரு மடங்குக்கும் மேலான ஓர் உடலுக்கு உரியது. டாக்டர் சாவந்த் ஏற்கெனவே அந்த வரிக்கு அடியில் கோடிட்டு வைத்திருந்தார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவர் மூன்று பெண்களையும் உள்ளே அழைக்கச் சொன்னார்.

எழுந்து நின்று அதட்டுவது அவர் பாணியன்று. ஒரு தாழ்ந்த முக்காலியை இழுத்து மைமூன் பீவிக்கு எதிரே அமர்ந்தார். பிள்ளைகளின் நலம் விசாரிப்பதுபோல், "கேன் ரொம்ப நன்றாக நிறைந்திருந்தது. இதில் எத்தனை பேர்?" என்று கேட்டார். நான் தமிழில் சொன்னேன்.

மைமூன் பீவி பெருமையோடு நிமிர்ந்தார். "மூணு பேரு டாக்டரம்மா. இவ குடிக்கிறதே ஒரு மடக்கு. சாயங்காலம் வரைக்கும் அடியில கெடந்துச்சு. நிறையலன்னா ஃபெயிலாக்கி, ஊருக்கு விடமாட்டியளேன்னு நானும் பல்கீஸும் போட்டு நிறைச்சோம். பொறவு ராத்திரி சபூராவோடதுக்கு அதுல எடமே இல்ல."

டாக்டர் சாவந்த்தைச் சத்தமாகச் சிரிக்க நான் பார்த்தது அன்று ஒரு முறைதான். மைமூன் பீவிக்கு அது பிடிக்கவில்லை. "ஒரே சோறு, ஒரே கொளம்புதான திங்கோம்? ஒரே வீட்டு மூத்திரத்துல என்ன வித்தியாசம் வந்துரப்போவுது?"

சிரிப்பு ஓய்ந்ததும் டாக்டர் பல்கீஸின் பக்கம் திரும்பினார். "அப்படியானால் மாதாமாதம் வந்த பாட்டில்?"

பல்கீஸ் எதையும் மறைக்கவில்லை. "அது என்னுது. காலையில வரிசை ரொம்ப நீளம் டாக்டர். மைனிய அங்க கொண்டுபோய் நிறுத்த முடியாதுல்லா? நான் காலேஜுக்காக வெள்ளன எந்திரிச்சு போயிருவேன். அதான் நானே..." என்று இழுத்தவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

அறையில் சிரிப்பு எஞ்சவில்லை. இத்தனை மாதங்களும் பல்கீஸின் உடல் நலத்தைத்தான் நாங்கள் கண்காணித்துவந்திருக்கிறோம். சபூராவைப் பற்றி, அவளுடைய அழுத்தம் தவிர, எங்களுக்கு ஒன்றுமே தெரியாது.

நான் சபூராவின் கையைப் பற்றித் தாழ்வாரத்தின் கோடிக்கு அழைத்துச் சென்றேன். தாழ்ப்பாள் சரியில்லாத கதவை வெளியிலிருந்து நானே பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் கொடுத்த சிறு குவளையில் பரிசோதனைக் காகிதத்தை நனைத்தேன். மஞ்சளாக இருந்த கட்டம் பச்சையானது; பிறகு கரும்பச்சையானது. புரதம் மிக அதிகம். அவளைச் சாய்ந்து உட்கார வைத்து, பாதங்களைத் தரையில் படிய வைத்து, யாரும் பேசாமல் காத்திருந்து அழுத்தம் பார்த்தேன். மேல் எண் நூற்று அறுபதைத் தாண்டி நின்றது. இன்னொரு கையிலும் அதுவே.

இன்றே சேர்க்க வேண்டும் என்றார் டாக்டர். மைமூன் பீவி ஒரே சொல்லில் மறுத்தார். "மாட்டேன்." அந்த நீண்ட தாழ்வாரத்தின் கோடியில் இருக்கும் கழிப்பறையை அவர் கண்கள் அளந்துகொண்டிருந்தன. "அந்தி சாஞ்சு மக்ரிபுக்குப் பொறவு இவ அந்த வழியா நடக்கணும். எம்மவ அப்படித்தான் போனா. ஊருக்குக் கொண்டுபோயிருதேன். அங்க வீட்டுக்குள்ளயே எல்லாம் இருக்கு."

ரயிலில் ஏற்றினால் வழியில் எந்த இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே வலிப்பு வரும் என்று எவராலும் சொல்ல முடியாது. அதை அவரிடம் சொல்லி என்ன பயன்? காற்றுக்கு அஞ்சுபவரிடம் எண்களைச் சொல்லி அச்சுறுத்த முடியாது. நான் அவரருகே பெஞ்சில் அமர்ந்து, இத்தனை மாதங்களில் எவரும் கேட்காத ஒன்றைக் கேட்டேன்.

"ஜீனத் அந்தக் கடைசி வாரம் எப்படி இருந்தா? சொல்லுங்கோ."

 தஸ்பீஹ் மணிகள் நின்றுவிட்டன. "முகம் வீங்கிச்சு. நீரு கோத்திருக்கு, பிள்ள பெத்தா வடிஞ்சிரும்னு நெனச்சேன். மோதிரத்த சோப்புப் போட்டுக் கழத்துனோம். தலையிடி, தலையிடின்னு தைலம் தேய்க்கச் சொன்னா. நெஞ்சுக்குழியில வலின்னா, வாயுன்னு ஓமத்தண்ணி குடுத்தேன். கடைசி ரெண்டு நாளா கண்ணுக்குள்ள மின்னுதும்மான்னா..."

"மாமி."

சபூரா பேசியது மிகத் தாழ்ந்த குரலில். புதுச் சேலையின் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு தரையையே பார்த்திருந்தாள்.

"மாமி, எனக்கும் மின்னுது. நேத்தையிலருந்து. சொன்னா ஊருக்கு விடமாட்டாவன்னு சொல்லல."

மைமூன் பீவி அவள் முகத்தைத் தன் பக்கம் திருப்பினார். பிறகு அவள் விரலிலிருந்த மோதிரத்தைப் பிடித்து ஒருமுறை அசைத்தார். அது அசையவில்லை.

அவர் அழவில்லை. பல்கீஸைப் பார்த்து, "உங்க அண்ணன்கிட்ட சொல்லு, பெட்டிய எறக்கட்டும். டிக்கெட்ட ரத்து பண்ணிரட்டும்" என்றார். பிறகு டாக்டரிடம் திரும்பினார். "காத்தோ பிரஷரோ, எதா இருந்தாலும் சரி. நீங்க உள்ள இருந்து பாருங்க, நான் வெளிய இருந்து பாத்துக்கிடுதேன்."

அன்றே மக்னீசியம் ஊசி தொடங்கினோம். வலிப்பு வராமல் காக்கும் மருந்து அது; ஆனால் அளவு மிஞ்சினால் மூச்சையே நிறுத்திவிடும். ஆகவே ஒவ்வொரு முறையும் முழங்காலில் ரப்பர் சுத்தியால் தட்டிக் கால் துள்ளுகிறதா என்று பார்க்க வேண்டும். மூச்சை எண்ண வேண்டும். சிறுநீர் போதிய அளவு பிரிகிறதா என்று அளக்க வேண்டும். மாற்று மருந்து தலைமாட்டில் தயாராக இருக்க வேண்டும். சிசுவின் நுரையீரல் முதிர்வதற்குத் தனி ஊசி. டாக்டர் சாவந்த் வரும்போதெல்லாம் முதலில் சபூராவின் கண்களைப் பார்த்துப் புன்னகைப்பார். பிறகுதான் அட்டவணையைப் பார்ப்பார். சிறுநீரை அளப்பதற்காக ஒரு குழாய் செருகியிருந்ததால் சபூரா தாழ்வாரத்தில் நடக்கவே நேரவில்லை. மைமூன் பீவிக்கு அது பெரிய நிம்மதி. கட்டில் கம்பியில் தொங்கிய பையின் அருகே முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, வந்து போகிறவர்களையெல்லாம் எச்சரித்தார்: "இதுல யாரும் கை வைக்கப்பிடாது. இது அவளோடது மட்டும்."

அழுத்தம் மாத்திரைகளுக்குக் கட்டுப்பட்டது. மக்னீசியத்தை நிறுத்திவிட்டு ஒவ்வொரு நாளாகக் கடத்தினோம். வயிற்றினுள் ஒரு நாள், குறைமாதக் குழந்தைகளை வைக்கும் காப்பறையில் பல நாளுக்குச் சமம் என்பது எங்கள் கணக்கு. பல்கீஸ் கல்லூரி விட்டு நேரே வந்து, கைப்பேசியில் சபூராவின் தாயைக் காட்டுவாள். தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். ஒரு காலையில் ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் எண்ணிக்கை இறங்கத் தொடங்கியிருப்பது தெரிந்தது. டாக்டர் இரண்டாம் முறை பார்க்கவில்லை. மக்னீசியத்தை மறுபடி ஏற்றச் சொல்லிவிட்டு, "இன்றைக்கு" என்றார், அவ்வளவுதான்.

அறுவை அறைக்கு வெளியே மீரான் சுவரில் சாய்ந்து நின்றார். அன்றுதான் அவர் குரலை நான் சரியாகக் கேட்டேன். "சிஸ்டர், ரெண்டு பேர்ல யாருன்னு கேப்பாங்களா? கேட்டா அவளச் சொல்லிருங்க." யாரும் அப்படிக் கேட்கமாட்டார்கள், கேட்க வேண்டிய நிலையும் இல்லை என்றேன். உள்ளே போய்ச் சில நிமிடங்களில் அந்தச் சத்தம் கேட்டது: பூனைக்குட்டியின் சத்தத்தைவிடச் சற்றே பெரிது, ஆனால் அடங்காத, கோபமான சத்தம். பெண் குழந்தை. அதன் கோபம் டாக்டர் சாவந்த்துக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. "இவளுக்கு நுரையீரல் இருக்கிறது" என்று முகமூடிக்குள்ளிருந்து அறிவித்தார்.

சபூராவுக்கு வலிப்பு வரவே இல்லை. இதை எழுதும்போது இன்றும் என் பேனா ஒரு கணம் நிமிர்ந்துகொள்கிறது.

எடை குறைந்த குழந்தையை மார்போடு மார்பாக, தோலோடு தோலாக அணைத்து வைத்திருக்க வேண்டும். சபூரா எழ முடியாத நாட்களில் அந்தப் பொறுப்பைப் பல்கீஸ் ஏற்றாள். பாடப் புத்தகத்தை ஒரு கையில் பிடித்தபடி, துப்பட்டாவுக்குள் அண்ணன் மகளைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருப்பாள். "இந்த வேலைய மட்டும் மைனிக்குப் பதிலா நான் செய்யலாம்ல சிஸ்டர்? இதுக்கு ஒண்ணும் ரிப்போர்ட் மாறிராதுல்ல?" என்று என்னைச் சீண்டினாள். "இதுக்கு மாறாது. எடை ஏறும்" என்றேன். ஏறிற்று.

பெயர் வைக்கும்போது ஜீனத் என்றே வைக்கலாம் என்று உறவினர் எல்லாரும் சொன்னார்களாம். மைமூன் பீவி ஒப்பவில்லை. "அந்தப் பேரு அவளோடது. இவளுக்கு இவ பேரு வேணும்." ஹாஜரா என்று வைத்தார்கள்.

வீட்டுக்குப் போகும் நாளில் மைமூன் பீவி டாக்டர் சாவந்த்தின் அறை வாசலில் வந்து நின்றார். ஒரே ஒரு கேள்விதான். "எம்மவ போனப்பவும் இந்த ஊசி இருந்துச்சா?"

நான் மொழிபெயர்த்தேன். டாக்டர் எழுந்து வந்து அவர் கைகளைப் பற்றிக்கொண்டார். பொய் சொல்லவில்லை. "இருந்தது. அவளிடம் வந்து சேர அதற்கு வழி தெரியவில்லை. எங்களில் யாரும் வழி காட்டவும் இல்லை. இவளுக்கு வழி காட்டியது நீங்கள். அவள் எப்படி இருந்தாள் என்று நீங்கள் சொன்னதால்தான் இவள் வாய் திறந்தாள்."

 மைமூன் பீவி தலையை அசைத்தார். அன்றுமுதல் அவர் காற்றைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

எங்கள் பிரிவும் மாறிற்று. வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுவரும் வழக்கத்தை டாக்டர் அந்த வாரமே நிறுத்தினார். பரிசோதனை அறையை ஒட்டியே ஒரு கழிப்பறை கட்டுவதற்கு நான் நிர்வாகத்தின் கதவைத் தட்டிய கதை தனிக் கதை. கடைசியில் நல்ல தாழ்ப்பாளும் விளக்கும் தண்ணீரும் உள்ள ஓர் அறை எங்களுக்குக் கிடைத்தது. என் பணிக்காலத்தில் எனக்குக் கிடைத்த பரிசுகளில் நான் பெரிதாக மதிப்பது அந்தத் தாழ்ப்பாளைத்தான்.

அதைவிடப் பெரிய மாற்றம் அந்தச் சந்தில் நேர்ந்தது. யாருக்கு நாள் தள்ளிப்போனாலும் மைமூன் பீவி பட்டறைப் படியிறங்கிப் போய் நின்றார். மூன்றாம் மாத டெஸ்டுக்குத் தாமே அழைத்துவருவார். ஆண்டாப் ஹில்லிலிருந்துகூட உறவுக்காரப் பெண்களை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தார். முகம் வீங்கினால் மோதிரத்தை அசைத்துப் பார்ப்பார். தலைவலி என்றால் தைலத்தைப் பிடுங்கி வைத்துவிட்டு எங்களிடம் அனுப்புவார். வராந்தாவில் அவர் குரல் முழங்கும்: "அவுகவுகளோடத அவுகவுகதான் குடுக்கணும்ளா! இரக்கப்பட்டு ஒருத்திக்கு இன்னொருத்தி குடுத்தா அது இரக்கமில்ல, கேட்டியளா?" பெண்கள் வெட்கத்தால் முகத்தை மூடிக்கொண்டு சிரிப்பார்கள், ஆனால் கேட்பார்கள். நாங்கள் சுவரில் ஒட்டிய எந்த அறிவிப்புக்கும் அந்த மரியாதை கிடைத்ததில்லை. அவர் அழைத்துவந்தவர்களில் சிலருக்கு அழுத்தம் ஏறியது; உரிய நேரத்தில் கண்டோம்; அனைவரும் குழந்தையோடு வீடு திரும்பினார்கள். டாக்டர் சாவந்த் ஓய்வு பெற்ற நாளில், பிரிவின் சாதனைகளை யாரோ மேடையில் அடுக்கிக்கொண்டிருந்தபோது, அவர் என் காதருகே குனிந்து, "மைமூனை ஏன் கூப்பிடவில்லை?" என்றார். மைமூன் பீவி அழைக்காமலே வந்து, கடைசி வரிசையில் அமர்ந்திருந்தார்.

இன்று அந்தப் பிரிவில் எனக்குத் தெரிந்தவர்கள் அதிகம் இல்லை. டாக்டர் சாவந்த் டோம்பிவிலியில் மகளோடு இருக்கிறார். காது சற்று மந்தம், மற்றபடி நலம். பல்கீஸ் மணமாகி ஐரோலியில் இருக்கிறாள். தன் பிரசவத்துக்கு எங்களிடமே வந்தாள். மைமூன் பீவி சென்ற மழைக்காலத்தில் தூக்கத்திலேயே காலமானார். பட்டறையின் மாடியில் மீரானும் சபூராவும் இருக்கிறார்கள். இப்போது பள்ளிக்குப் போகும் ஹாஜராவும் இருக்கிறாள்.